கண்ணுக்கு எட்டாத நிலம்: பாலாற்றுக் கணவாய்களும் வீடியோ கேம் வரைபடமும்

போர் உத்தி சார்ந்த வீடியோ கேம்களின் வரைபடத்தில் நிலம் மூன்று நிலைகளில் இருக்கும். ஆட்டக்காரரின் ஆட்கள் இன்னும் கால் வைக்காத பகுதி முழுக் கறுப்பு. ஒரு முறை பார்த்துவிட்டு விலகி வந்த பகுதி மங்கலாகத் தெரியும்; அங்குள்ள மலையும் ஆறும் காடும் புலப்படும், ஆனால் இப்போது அங்கே யார் நிற்கிறார்கள் என்பது புலப்படாது. சொந்த ஆட்கள் நிற்கும் இடத்தைச் சுற்றிய ஒரு வட்டம் மட்டுமே அந்த நொடியின் நிலவரத்தோடு தெளிவாக இருக்கும். ஆட்டக்காரர்கள் இதை ஃபாக் ஆஃப் வார் என்கிறார்கள்; தமிழில் போர்மூட்டம் எனலாம். 1994-ல் வந்த முதல் வார்கிராஃப்ட் ஆட்டத்தில் கறுப்பு மட்டுமே இருந்தது. பார்த்த இடம் பார்த்ததாகவே நிலைத்துவிடும். அடுத்த ஆண்டு வெளியான வார்கிராஃப்ட் 2 மங்கலான நடுநிலையையும் சேர்த்தது. அன்று முதல் இந்த வகை ஆட்டங்களில் பெரும்பாலானவை மூன்று நிலைகளையே பின்பற்றுகின்றன.

பார்வையைக் குறைப்பது ஆட்டக்காரரை முடக்குவதற்காக அல்ல. தெரியாத இடம் இருந்தால்தான் அவர் ஆள் அனுப்புவார், மலை ஏறுவார், ஆற்றைக் கடந்து அக்கரையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். இந்த எண்ணம் கணினியோடு பிறந்ததும் அல்ல. படை நடத்தியவர்களின் பட்டறிவிலிருந்து அது வந்தது. அந்தப் பட்டறிவின் மூன்று நிலைகளும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு இடைவெளியில் அடுத்தடுத்து அரங்கேறிய நிலப்பரப்பு ஒன்று தமிழ்நாட்டின் வடபகுதியில் இருக்கிறது. இன்று தோல் பதனிடும் தொழிலுக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கும் பெயர்பெற்ற வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரம்தான் அது.

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை என்று இறங்கி வருகிறது. தெற்கே ஜவ்வாது மலையும் ஏலகிரியும், வடக்கிலும் மேற்கிலும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் கிளைகளும் அதை நெருக்குகின்றன. ஆம்பூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; பெங்களூர் பீடபூமி 900 மீட்டரை எட்டும். மேட்டு நிலத்திலிருந்து ஆற்காட்டுச் சமவெளிக்கு இறங்கும் படைக்கும், கீழிருந்து ஏறும் படைக்கும் கணவாய்களை விட்டால் வழியில்லை. வடக்கே தாமல்செருவு, அதற்குத் தென்மேற்கே முகளி, நடுவில் ஆம்பூர், தெற்கே செங்கம். எந்தக் கணவாய் வழியாக எதிரி வருகிறான் என்பதுதான் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபுகளும் மைசூர் ஆட்சியாளர்களும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் தளபதிகளும் மாறி மாறிக் கேட்ட கேள்வி. அதற்குச் சரியான விடை கிடைத்தவர் பெரும்பாலும் பிழைத்தார்.

இந்த வட்டாரத்தில் பார்வைக்காக நடந்த கட்டுமானம் அதற்கும் முந்தையது. பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரப் பேரரசின் கீழ் நாயக்கர்கள் கட்டிய வேலூர்க் கோட்டை சமதரையில், அகழியும் இரட்டை மதிலும் சூழ அமைந்தது. மதிலுக்கு வெளியே நிற்பவருக்கு உள்ளே நடப்பது எதுவும் தெரியாது. 1677-ல் அதை முற்றுகையிட்ட சிவாஜியின் படை, மதிலோடு மோதுவதற்கு முன் அருகிலிருந்த குன்றுகளைப் பிடித்தது. குன்றுகளின் மேல் சாஜ்ரா, கோஜ்ரா என்ற காவற்கோட்டைகளை எழுப்பி, அங்கிருந்து கோட்டைக்குள் பார்த்தும் சுட்டும் நெருக்கியது. ஓராண்டுக்கு மேல் நீண்ட முற்றுகை 1678-ல் கோட்டை பணிந்ததோடு முடிந்தது. உயரத்தில் இருப்பவன் பார்ப்பான், தாழ்வில் இருப்பவன் பார்க்கப்படுவான் என்ற இந்த விதியை 1998-ல் வெளியான ஸ்டார்கிராஃப்ட் அப்படியே எடுத்துக்கொண்டது. அதில் பள்ளத்தில் நிற்கும் வீரருக்கு மேட்டின் மேல் நிற்பவர் தெரியமாட்டார். மேட்டிலிருப்பவருக்குப் பள்ளம் முழுவதும் தெரியும்.

முழுக் கறுப்பான நிலம் ஓர் அரசரின் உயிரைப் பறித்தது 1740-ல். இரகோஜி போன்ஸ்லேயின் மராத்தியப் படை, அன்று கர்நாடகம் எனப்பட்ட ஆற்காட்டு நாட்டை நோக்கி வருவதை அறிந்த ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கான், தாமல்செருவுக் கணவாயில் வழிமறித்து நின்றார். இடம் நல்ல இடம். முன்னால் வரும் படை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குறுகிய வழியில் சிக்கித் தவிக்கும். மராத்தியர்கள் முன்னால் வரவில்லை. காவல் இல்லாத வேறொரு மலைவழியாக இறங்கி, நவாபின் முதுகுப்புறத்தில் தோன்றினார்கள். பின்னால் புழுதி கிளப்பி வந்த குதிரைப்படையைத் தன் மகன் சப்தர் அலியின் உதவிப்படை என்றே நவாப் முதலில் எண்ணினார் என்று பிற்கால வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. மே 20 அன்று நடந்த போரில் தோஸ்த் அலி மாண்டார். அந்த மலைவழி அவருடைய ஆட்சிப் பரப்பின் ஓரத்திலேயே இருந்தது. அவருடைய கணக்கில்தான் அது இல்லை.

ஒன்பது ஆண்டு கழித்து இதே நிலைமை ஆம்பூரில் வேறு விதமாக வந்தது. நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் அவருடைய கூட்டாளி முசாபர் ஜங்கும் பிரெஞ்சுப் படையைத் துணை சேர்த்துக்கொண்டு வந்தபோது, நவாப் அன்வருதீன் கான் ஆம்பூர்த் துருக்கத்தின் அடியில் மலைக்கும் ஏரிக்கும் இடையே அகழி வெட்டிக் காத்திருந்தார். இங்கே எதிரி எந்தப் பக்கம் வருவான் என்பதில் ஐயம் இருக்கவில்லை. 1749 ஆகஸ்ட் 3 அன்று பிரெஞ்சுக்காரர்கள் நேர் எதிரே வந்து மோதினார்கள். இரண்டு முறை பின்வாங்கி மூன்றாம் முறை உடைத்துக்கொண்டு புகுந்தார்கள். யானை மேலிருந்த முதிய நவாப் குண்டு பட்டு இறந்தார். அவருடைய மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக்குத் தப்பினார். பார்வை இருந்தும் தோற்ற போர் என்பதால் இந்த வரலாற்றில் அது ஓரமாகவே நிற்கிறது. ஆம்பூர் மலைக்கோட்டை தன் மதிப்பைக் காட்டியது 1767-ன் கடைசி மாதங்களில். மைசூரின் ஹைதர் அலி கீழே ஊரைப் பிடித்துவிட்ட பிறகும் கும்பினியின் கேப்டன் கால்வர்ட்டின் சிறு காவற்படை மேலிருந்து பள்ளத்தாக்கு முழுவதையும் பார்த்தபடி, உதவிப்படை வந்து சேரும்வரை தாக்குப்பிடித்தது. அந்தச் சிப்பாய்களின் படைப்பிரிவு பின்னர் ஆம்பூர் என்ற ஊர்ப்பெயரையே போர்ச்சிறப்பாகத் தன் கொடியில் தாங்கியது.

மங்கலான நிலத்தின் கொடுமையைக் காட்டும் நிகழ்ச்சி 1780-ல் நடந்தது. ஜூலையில் ஹைதர் அலி 80,000-க்கும் மேற்பட்ட படையோடு செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். சென்னையிலிருந்த கும்பினி ஆட்சிக்குழு அதை நம்பவே தயங்கியது. பரங்கிமலையிலிருந்து பார்த்தால் எரியும் ஊர்களின் புகை தெரியும் அளவுக்கு அவருடைய குதிரைப்படை நெருங்கிய பிறகுதான் உண்மை உறைத்தது. ஹைதரின் முதல் வேலை பார்வையைப் பறிப்பது. சென்னையைச் சுற்றி விரிந்த குதிரை வீரர்கள் தபால்காரர்களையும் ஒற்றர்களையும் வெட்டி வீழ்த்தினார்கள் அல்லது திருப்பி அனுப்பினார்கள். கும்பினிப் படை எங்கே இருக்கிறது, எத்தனை பேர், சோறு இருக்கிறதா என்பதெல்லாம் ஹைதருக்குத் தெரிந்தது. ஹைதர் எங்கே என்பது கும்பினிக்குத் தெரியவில்லை.

கும்பினித் தளபதி ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் சுமார் 5,000 பேரோடு இருந்தார். வடக்கே குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி வந்து அவரோடு சேரவேண்டும். ஆகஸ்ட் 25 அன்று கொசஸ்தலையாற்றை அடைந்த பெய்லி, நீர் குறைவாக இருந்தும் அன்றே கடக்காமல் வடகரையில் தங்கினார். இரவில் வெள்ளம் புரண்டது. கடப்பதற்குப் பல நாள் ஆயிற்று. செப்டம்பர் 6-ல் ஹைதரின் மகன் திப்பு அவரை வழியிலேயே தாக்கினார். பெய்லி நின்ற இடம் காஞ்சிபுரத்திலிருந்து 14 மைல்தான். பாதை தெரிந்த பாதை, ஊர்கள் தெரிந்த ஊர்கள். இடையில் அந்த நேரத்தில் யார் நிற்கிறார்கள் என்பது மட்டும் இருட்டு. மன்றோ அனுப்பிய கர்னல் பிளெட்சரின் துணைப்படைக்கு வழிகாட்டிகள் ஒரு பாதையைக் காட்டினார்கள். அவர்கள் ஹைதரிடம் கூலி வாங்கியவர்களாக இருக்கலாம் என்று ஐயுற்ற பிளெட்சர், சொன்ன பாதையை விட்டுவிட்டு வயல்களைக் கடந்து வேறு வழியில் போனதால்தான் 9-ஆம் தேதி பெய்லியை உயிரோடு அடைந்தார். தெரிந்தவன் சொல்வதை நம்புவதா, தெரியாத வழியில் இறங்குவதா என்ற அந்த ஓர் இரவின் முடிவில் ஏறத்தாழ ஆயிரம் பேரின் உயிர் தொங்கியது.

ஆனால் அது ஒரு நாள் ஆயுளைத்தான் வாங்கித் தந்தது. செப்டம்பர் 10 அன்று, ஆங்கில நூல்கள் பொள்ளிலூர் என்று குறிக்கும் புள்ளலூரில், சுமார் 3,800 பேர் கொண்ட கூட்டுப்படையை ஹைதரும் திப்புவும் சூழ்ந்தார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின, படை அழிந்தது, பெய்லி சிறைப்பட்டார். பீரங்கி முழக்கத்தைக் காதால் கேட்டுக்கொண்டே நகர்ந்த மன்றோவுக்கு, களத்திலிருந்து தப்பி வந்தவர்கள் சொன்ன பிறகே நடந்தது தெரிந்தது. அவர் கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியே பின்வாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தவுலத் மாளிகைச் சுவரில் இந்தப் போரைத் திப்பு பெரிய ஓவியமாகத் தீட்டச் செய்தார். சூழ்ந்த குதிரைப்படை, நடுவில் சதுரமாக நிற்கும் கும்பினிச் சிப்பாய்கள், பல்லக்கில் பெய்லி, வெடிக்கும் வண்டி எல்லாம் அதில் ஒரே பார்வையில் தெரிகின்றன. களத்தில் நின்ற எவருக்கும் அப்படியொரு பார்வை வாய்த்திருக்காது.

அதே போரின் தொடர்ச்சியாக வேலூர்க் கோட்டை முற்றுகைக்குள் கிடந்தது. 1781 நவம்பரிலும் 1782 ஜனவரியிலும் கும்பினித் தளபதி அயர் கூட், ஹைதரின் படை எந்தப் பக்கம் இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாத நிலையிலேயே அரிசி மூட்டைகளை ஓட்டிவந்து சேர்த்தார். குதிரைப்படை இல்லாததால் உளவு இல்லை என்பது அவருடைய தீராத முறையீடு. இதில் ஒரு பாடம் இருந்தது. கும்பினி அதைப் பத்தாண்டுக்குள் கற்றுக்கொண்டது.

1791 பிப்ரவரி தொடக்கத்தில் கும்பினியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் சென்னைக்கு அருகிலிருந்து புறப்பட்டு 11-ஆம் தேதி வேலூரை அடைந்தார். பெங்களூரைப் பிடிப்பது நோக்கம். வேலூர் வரை வந்த படை அடுத்து ஆம்பூர் வழியாகப் பாராமகால் பகுதிக்குள் ஏறும் என்பதே இயல்பான எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பை வலுப்படுத்த ஒரு பட்டாளத்தை ஆம்பூர்ப் பக்கம் அனுப்பினார். அப்போது புதுச்சேரிப் பகுதியிலிருந்த திப்பு மலைக்கு மேலே விரைந்து, தெற்குக் கணவாய்களைக் காக்க முற்பட்டார். காரன்வாலிஸ் முழுப்படையையும் வடக்கே திருப்பி, சித்தூர் வழியாக முகளிக் கணவாயில் ஏற்றினார். பதினெட்டாம் தேதிக்குள் படை, பீரங்கி, மாட்டுவண்டி, யானை எல்லாம் எதிர்ப்பே இல்லாமல் மேட்டு நிலத்தில் நின்றன. மார்ச் 21-ல் பெங்களூர்க் கோட்டை விழுந்தது. இங்கே நிலம் இரு தரப்புக்கும் தெரிந்த நிலம், உளவும் இருந்தது. திப்புவின் ஆட்கள் ஆம்பூரில் கண்டது பொய்யும் அல்ல, அங்கே படை உண்மையாகவே நின்றது. பார்க்க வேண்டியது எது என்பதை எதிரியே தேர்ந்தெடுத்துக் கொடுத்தான் என்பதுதான் திப்புவுக்கு நேர்ந்த கேடு. இன்றைய உத்தி ஆட்டங்களில் எதிரியின் பார்வை வட்டத்துக்குள் ஒரு சிறு குழுவை வேண்டுமென்றே நடமாடவிட்டு, இருட்டில் பெரும்படையை நகர்த்துவதும் இதே உத்திதான்.

1740-க்கும் 1791-க்கும் இடையில் மாறியது கணவாய்கள் அல்ல, அவற்றைப் பற்றிய அறிவு. கும்பினியின் ராபர்ட் கெல்லி ஆற்காட்டுக் கர்நாடகத்தின் வரைபடங்களை வரைந்தார். அலெக்சாண்டர் பீட்சன் மலைத்தொடரின் கணவாய்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, முந்தைய வரைபடங்கள் காட்டியதைவிடக் கூடுதலான வழிகள் இருப்பதைப் பதிவு செய்தார். 1791-ல் அவர் காரன்வாலிஸ் படையில் இருந்தார். இவர்கள் கண்டுபிடித்ததாக எழுதப்பட்ட வழிகள் பலவும் உள்ளூர் மக்களுக்குப் பழக்கமானவை. உப்பும் தானியமும் ஏற்றிய பொதிமாடுகளோடு மலை ஏறி இறங்கிய லம்பாடிகளுக்கும், மேய்ச்சல்காரர்களுக்கும், செய்தி சுமந்து ஓடிய ஹர்காராக்களுக்கும் அவை அன்றாடப் பாதைகள். படைகள் அவர்களைத்தான் நம்பியிருந்தன. பழியையும் அவர்கள் மீதே போட்டன. ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்த திருக்குறளின் மண்ணில், நிலத்தை அறிந்தவரின் மதிப்பு அரசர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் வரைபடங்களின் ஓரத்தில் அளவையாளரின் பெயர் அச்சானது, வழி காட்டியவரின் பெயர் அச்சாகவில்லை. இந்த அநீதி வரலாற்று நூல்களில் இன்றும் சரிசெய்யப்படாமல் கிடக்கிறது.

நான்காம் மைசூர்ப் போருக்காக 1799 பிப்ரவரியில் ஹாரிஸின் படை வேலூரிலிருந்துதான் கிளம்பியது. ஏப்ரல் தொடக்கத்தில், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே ஒரு தோப்பைத் துழாவப் போன பெய்ர்டின் பிரிவு இரவில் திரும்பும்போது வழி தவறியது. வடக்கே பாசறைக்குப் போவதாக எல்லாரும் எண்ணிக்கொண்டிருக்க, அவருடைய உதவியாளரான வில்லியம் லாம்டன் வானத்து நட்சத்திரங்களைப் பார்த்து, படை தெற்கே, எதிரியின் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்றார். அவர் சொன்னதே சரியாயிற்று. அடுத்த இரவு அதே தோப்பில் ஆர்தர் வெல்லெஸ்லியின் தாக்குதல் இருளில் சிதறித் தோற்றது. பகலில் பார்த்து அறியாத இடத்தை இரவில் தாக்கக்கூடாது என்ற முடிவுக்கு அவர் வந்தது இந்தத் தோல்விக்குப் பிறகுதான்.

லாம்டன் அந்த இருட்டை அடியோடு நீக்கும் வேலையில் இறங்கினார். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து மலைமுகட்டுக்கு மலைமுகடு கோணம் அளந்து முக்கோணங்களை மேற்கே கொண்டுபோனார். அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி மலை உச்சிகளுக்குச் சுமந்து ஏற்றப்பட்டது. கருவியின் தூரக்கண்ணாடி அந்தப்புரங்களை எட்டிப் பார்க்கிறது என்ற ஐயம் பல ஊர்களில் எழுந்தது. பிறர் தன்னைப் பார்ப்பதை அஞ்சும் நியாயம் அதில் இருந்தது. கருவியோடு வந்தவர்கள் படையின் ஆட்கள்தானே. 1804-ல் பெங்களூரில் இரண்டாம் அடிக்கோடு அளக்கப்பட்டது. கடலிலிருந்து கடல் வரை முக்கோணங்கள் போய்ச் சேர்ந்தபோது, தீபகற்பத்தின் அகலம் பழைய வரைபடங்கள் காட்டியதைவிடச் சுமார் 40 மைல் குறைவு என்று தெரிந்தது. ஆம்பூரும் வேலூரும் தாமல்செருவும் எங்கே இருக்கின்றன என்பதில் இனி யாருக்கும் ஐயமில்லை. ஆனால் முக்கோணம் நீக்கியது கறுப்பை மட்டுமே. மலை எங்கே என்று வரைபடம் சொல்லும். மலைக்குப் பின்னால் இன்று யார் இருக்கிறார் என்று சொல்லாது. 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்தபோது, அளந்து முடித்த அந்த நிலத்தின் நடுவில் இருந்தும் கும்பினி அதை எதிர்பார்த்திருக்கவில்லை.

அளந்த வரைபடத்தை மறைக்கும் வழக்கமும் தொடர்ந்தது. விடுதலைக்குப் பிறகு இந்திய நில அளவைத் துறை, நாட்டின் எல்லையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்குள் அமைந்த பகுதிகளின் விரிவான தாள்களைப் பொதுமக்களுக்குத் தடைசெய்து வைத்திருந்தது. 57 P தாளில் அடங்கும் வேலூரும் 57 L தாளில் அடங்கும் ஆம்பூரும் கடலுக்குத் தொலைவில் இருந்ததால் இந்தப் பட்டைக்கு வெளியே நின்றன. சென்னை உள்ளே அகப்பட்டது. 2005-ல் வந்த தேசிய வரைபடக் கொள்கை பாதுகாப்புக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தது. 2021 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டு நெறிகள் இந்தியர்களும் இந்திய நிறுவனங்களும் முன் அனுமதியின்றி வரைபடம் உருவாக்க வழிவிட்டன. இன்று அந்த வரைபடங்களைப் பார்த்தால், 1856-ல் சென்னையிலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதையும், அதன் நீட்சியைப் பற்றி வளர்ந்த தோல் பதனிடும் ஊர்களும், இன்றைய பெங்களூர் நெடுஞ்சாலையும் பழைய படைகள் தடவித் தடவி நடந்த அதே பள்ளத்தாக்கில்தான் கிடக்கின்றன.

போரை விளையாட்டாக்கிய பழைய பலகைகளில் இந்த இருட்டுக்கு இடமே இல்லை. சதுரங்கத்திலும் ஆடு புலி ஆட்டத்திலும் எல்லாக் காய்களும் இருவர் கண்ணுக்கும் தெரியும். மறைப்பை மையமாகக் கொண்ட ஆட்டம் தமிழ்ச் சிறுவர்களிடம் இருந்தது: மணற்கரையில் குச்சியைப் புதைத்து, எதிரே இருப்பவர் கை கோத்து மூடும் கிச்சுக் கிச்சுத் தாம்பாளம். கண்டுபிடிக்கத் தவறியவரின் கண்ணைப் பொத்தி, மணலோடு குச்சியைத் தூரத்தில் கொட்டச் செய்து, அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். வரைபடமும் படையும் கலந்த ஆட்டத்துக்கு மறைப்பு வந்தது பிரஷ்யாவில். அரசருக்கு 1812-ல் ரைஸ்விட்ஸ் பிரபு காட்டிய போர்விளையாட்டை அவருடைய மகன், பீரங்கிப்படை அதிகாரி, 1824-ல் திருத்தி வெளியிட்டார். 1:8000 அளவில் வரைந்த உண்மையான நிலப்படத்தின் மேல் அது ஆடப்பட்டது. நடுவர் ஒருவரே முழு நிலவரத்தையும் அறிவார். இரு தரப்புக்கும் தங்கள் வீரர் கண்ணுக்கு எட்டியதை மட்டும் சொல்வார். கட்டளைகளை எழுதிக் கொடுக்கவேண்டும், அவை போய்ச்சேர நேரமும் ஆகும். மன்றோவும் பெய்லியும் காஞ்சிபுரத்தில் பட்ட பாட்டை ஒரு மேசையின் மேல், உயிர்ச்சேதம் இல்லாமல் படுவதற்கான ஏற்பாடு இது. போரில் செயலுக்கு அடிப்படையான செய்திகளில் பெரும்பகுதி மூட்டத்தில் மறைந்திருக்கும் என்று கிளாஸ்விட்ஸ் எழுதிய நூல் 1832-ல், அவர் இறந்த பிறகு வெளிவந்தது. 1899-ல் இங்கிலாந்தின் ஹென்றி டெம்பிள் இதே எண்ணத்தைச் சதுரங்கத்துக்கே கொண்டுவந்தார்; ஆடுபவர் இருவரும் எதிராளியின் காய்களைப் பார்க்காமல் நடுவரின் சொல்லை வைத்து ஆடவேண்டும்.

நடுவரின் வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது 1970களில். வால்டர் பிரைட் 1977-ல் எழுதிய எம்பயர் ஆட்டத்தில் ஒரு நகரம் மட்டும் தெரியும். மீதி உலகம் படை போகப் போகத் திறக்கும். மறைப்பின் இன்னொரு வேர் போருக்குத் தொடர்பில்லாதது. அமெரிக்காவின் கெண்டக்கிக் குகைகளை அளந்து படம் வரைந்த வில் கிரவுதர் 1976-ல் எழுதிய குகை ஆட்டத்தில் திரையில் எழுத்து மட்டுமே வரும். ஆடுபவரே தாளும் பென்சிலும் எடுத்துத் தன் படத்தை வரைந்துகொண்டார். 1980-ல் வந்த ரோக், இருட்டான அறைகளையும் நடைகளையும் காலடிக்குக் காலடி திறந்து காட்டியது. 1986-ல் செல்டா ஆட்டத்தை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ, கியோத்தோ அருகில் தன் சிறுவயதில் காடும் குகையும் தேடி அலைந்த அனுபவத்தை அதில் வைத்ததாகச் சொல்லியிருக்கிறார். 1991-ல் சிவிலைசேஷன் கறுப்பு உலகத்தில் ஆட்டத்தைத் தொடங்கிவைத்தது. 1999-ல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, சந்தையில் நிலப்படக் கலையைக் கற்றுக்கொண்டால் கூட்டாளிகள் ஒருவர் பார்த்ததை மற்றவரும் பார்க்கலாம் என்று வைத்தது. பார்வைக்கு விலை உண்டு என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன ஆட்டம் அதற்கு முன் அரிது. 2009-ல் வெளியான எம்பயர்: டோட்டல் வார் ஆட்டத்தில் மைசூரும் கர்நாடகமும் இடம்பெற்றன, ஐரோப்பிய அரசை எடுத்து ஆடுபவர் ஆள் அனுப்பும்வரை அந்த நிலங்களில் யார் எங்கே நகர்கிறார் என்பதை அறியமாட்டார்.

மறைத்தாலே தேடல் பிறந்துவிடாது. 2007-ல் தொடங்கிய அசாசின்ஸ் கிரீட் வரிசை, கோபுரத்தின் மேல் ஏறினால் சுற்றுவட்டாரம் முழுவதும் வரைபடத்தில் திறந்துகொள்ளும் முறையைப் பரப்பியது. ஏறுவது இன்பம்தான். ஆனால் திறந்த வரைபடத்தில் புதையலும் பணியும் கடையும் குறியீடுகளாகக் கொட்டிக்கிடந்தால், அதன்பின் நடப்பது கணக்குத் தீர்ப்பதாகிவிடுகிறது. கண் நிலத்தை விட்டுக் குறியீட்டுக்குப் போய்விடுகிறது. 2017-ல் வந்த பிரெத் ஆஃப் த வைல்ட் இந்தக் குறையை உணர்ந்து அமைந்தது. அதன் கோபுரங்கள் மலை, ஆறு, பாதை ஆகியவற்றின் வடிவத்தை மட்டும் தரும். உச்சியில் நின்று சுற்றிப் பார்த்து, போக வேண்டிய இடங்களை ஆடுபவரே குறித்துக்கொள்ளவேண்டும். வேலூர்க் குன்றுகளின் மேல் காவற்கோட்டை கட்டியவர்கள் செய்ததும் இதுவே. அதே ஆண்டு வந்த ஹாலோ நைட் இன்னும் கண்டிப்பானது. பெரும்பாலான பகுதிகளில் எங்கோ அலைந்துகொண்டிருக்கும் நிலப்படக்காரரைத் தேடிப் பிடித்து அரைகுறைப் படத்தை விலைக்கு வாங்கவேண்டும். புதிதாகப் பார்த்த இடங்கள் ஓய்வு இருக்கையில் அமரும்போதுதான் படத்தில் ஏறும். அதுவரை தன் நினைவை நம்பியே நடக்கவேண்டும். 2022-ல் வந்த எல்டன் ரிங், படத்துண்டு கிடைக்கும் இடத்தை மட்டும் மங்கலான தாளில் காட்டிவிட்டு, அங்கே போய்ச்சேரும் பாட்டை ஆடுபவருக்கே விட்டுவிடுகிறது.

மறைப்பை நேர்மையாகக் காப்பது தொழில்நுட்பத்தில் கடினமான வேலை. பழைய உத்தி ஆட்டங்களில் ஒவ்வொரு ஆட்டக்காரரின் கணினியும் முழு ஆட்ட நிலவரத்தையும் தன்னிடம் வைத்துக்கொண்டு கணக்கிட்டது. மூட்டம் என்பது திரையில் போட்ட திரைச்சீலைதான். அதை விலக்கும் திருட்டு நிரல்கள் மேப்ஹேக் என்ற பெயரில் பரவின. பிற்கால ஆட்டங்கள் சில நிலவரத்தை நடுச் சர்வரிலேயே வைத்துக்கொண்டன. 2020-ல் வெளியான வேலரண்ட், எதிரி கண்ணில் படப்போகும் தறுவாய் வரை அவர் இருக்கும் இடத்தை ஆடுபவரின் கணினிக்கு அனுப்புவதே இல்லை. ஒவ்வொரு நொடியும் பலமுறை, சுவர்களையும் மூலைகளையும் கணக்கில் எடுத்து, யார் யாரைப் பார்க்கக்கூடும் என்று சர்வர் முன்கூட்டியே கணக்கிடுகிறது. சற்று முன்னதாக அனுப்பினால் திருடர்களுக்கு வாய்ப்பு. சற்றுத் தாமதித்தால் எதிரி வெறும் காற்றிலிருந்து முளைத்ததுபோல் தோன்றுவார்.